பின்பக்கத்துக் கார்புரேட்டர்

வீட்டில் மூன்று பேர் இருக்கும்போது இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய காரை வாங்கி வருகிற மனிதரை என்னவென்று சொல்வது? என் கணவர் அப்படித்தான் ஒன்றை வாங்கி வந்தார். நீலகிரியில் ஏதோ ஒரு தேயிலை எஸ்டேட் ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மேலே இருந்த துணிக் கூரையை எலி தின்றுவிட்டிருந்தது. லாரியில் ஏற்றி நாங்கள் குடியிருக்கும் உப்பளம் பகுதிக்குக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கியபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. நான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்போது எங்கள் வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ்கூடக் கிடையாது.

அந்தக் காருக்கு நன்றி சொல்லி ஒருநாள் எழுதுவாய் என்று அன்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் மின்துறையில் வேலை பார்த்தார். நான் லாஸ்பேட்டையில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். இப்போது இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். ஒரே மகள் கல்யாணமாகி லியோனில் இருக்கிறாள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பிரான்சில் ஒருவர் இருப்பார், எங்களுக்கு அவள். வீட்டில் மிஞ்சியது நாங்கள் இருவரும் அந்தக் காரும்தான். ஆளுக்கு ஒரு சீட், கணக்கு ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்று நானே கேலி செய்வதுண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் அதை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். அரியாங்குப்பம் பாலம் தாண்டி தவளக்குப்பம் வரை போய், ரோட்டோரக் கடையில் காபி குடித்துவிட்டுத் திரும்புவோம். கூரையில்லாத கார் என்பதால் காற்றும் இன்ஜின் சத்தமும் காதைப் பிளக்கும். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் எனக்கு உண்டு. அந்தக் குரலில் கத்திக் கத்தியே பேசிக்கொண்டு போவேன். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, மகள் என்ன சொன்னாள், எல்லாம். அவரும் சிரிப்பார், கேள்வி கேட்பார், எதிர்த்து வாதாடுவார். பக்கத்தில் பைக்கில் வருபவர்கள், இவர்கள் ஏதோ சண்டை போடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த மனிதர் வேறு ஆளாகிவிடுவார். கொஞ்ச வருடங்களாகவே அப்படித்தான். சமையலறையிலிருந்து ஏதாவது சொன்னால் பதில் வராது. எதிரே வந்து நின்று, "மீன் வாங்கவா, கோழி வாங்கவா?" என்று கேட்டால் "சரி" என்பார். மகள் போனில் வந்தால், "நல்லா இருக்கேம்மா, அம்மாகிட்ட பேசு" என்று என் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அப்பாவுக்கு என் மேல் கோபமா என்று அவள் அழுதிருக்கிறாள்.

அவர் யாரிடமும் பேசாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. காருக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் வந்துவிட்டால் போதும், மணிக்கணக்கில் பேச்சு ஓடும். மெக்கானிக்கின் குரல் கனமானது, பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். அவர் சொல்வதற்கெல்லாம் இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நான் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால், சும்மா தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவருக்கு நான் அலுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு ஒரு மனிதருக்கு மனைவியின் குரலே வேண்டாமல் போய்விடுமா என்று நினைத்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் பழையபடி இருப்பது காரைப் பார்த்த சந்தோஷத்தில்தான், என்னைப் பார்த்து அல்ல என்றும் முடிவு கட்டியிருந்தேன்.

அப்படியிருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமல் போயிற்று. கார் படுத்துவிட்டது.

கார்புரேட்டர் என்றால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற சாமான். சாதாரணக் காருக்கு ஒன்று இருக்கும். இந்த மகாராஜாவுக்கு இரண்டு, முன்னும் பின்னுமாகப் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும், ஒன்று கூடி ஒன்று குறைந்தால் இன்ஜின் உதறும். அதைச் சரிபார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் டியூபில் கை நீளத்துக்கு ஒரு துண்டு. ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்து, மறு முனையைக் காதில் வைத்துக்கொள்வார். உஸ்ஸென்று காற்று போகும் சத்தம் கேட்கும். இரண்டிலும் அந்தச் சத்தம் ஒன்றுபோல வரும்வரை ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பார். கார் வந்த நாளிலிருந்து அதற்கு அவர் காதுதான் மீட்டர்.

எத்தனை திருகினாலும் இப்போது சரியாகவில்லை. ஸ்டார்ட் செய்தால் குதித்தது, சிக்னலில் நின்றால் அணைந்தது, பின்னால் பட்டாசுபோல வெடித்தது. ஒரு ஞாயிறு அரியாங்குப்பம் பாலத்தின் மேலேயே நின்றுபோய், மீன் ஏற்றி வந்த ஆட்டோக்காரர் இறங்கித் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு வெளியே எடுக்கவே இல்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இப்போது வருகிற பெட்ரோலே சரியில்லை என்றார் மெக்கானிக். கடல் காற்று பட்டு உள்ளே அரித்துவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். என் கணவர் ஒரே பிடியாக, கார்புரேட்டர் இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்றினால்தான் ஆகும் என்றார். காரோடு கூடவே பிறந்தவை அவை. கழற்றுவதற்கு அவருக்கே மனம் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. காலை எழுந்ததும் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றுவிடுவார். பல் தேய்த்தாரா என்றுகூட நான்தான் கேட்க வேண்டும். ஒரு காருக்காக இப்படி உயிரை விடுகிறாரே என்று எனக்கு எரிச்சல்.

அந்த எரிச்சலில்தான் மகளிடம் சரி என்று சொன்னேன். அவள் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நீ மட்டுமாவது வந்து ஒரு ஆறு மாசம் இரும்மா" என்பாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரிடமும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நான் பொண்ணு வூட்டுக்குப் போயி ஆறு மாசம் இருந்துட்டு வரேன்" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே "சரி" என்றார். நம்பாமல் மறுநாளும் சொன்னேன். "சரி சரி" என்றார். ஏன் என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்கவில்லை. அந்த ஒரு "சரி"யில் எனக்கு உள்ளே என்னவோ அறுந்துபோயிற்று. ஆறு மாதம் முடிந்தாலும் திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை.

போவதற்கு முன் அவருக்கு அந்தக் கார்புரேட்டரையாவது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது. பாசமா ரோஷமா தெரியாது. மகளிடம் சொல்ல, அவள் அங்கே தேடிப் பிடித்து அதே மாதிரியில் புதிதாக ஒரு ஜோடி வாங்கினாள். கொண்டுவருவதற்கு வழி இருக்கவே இருக்கிறது. ஜூலை ஆகஸ்டில் வக்கான்ஸுக்கு, அதாவது கோடை விடுமுறைக்கு, அங்கிருந்து வருகிற குடும்பங்கள், தங்கள் துணிமணி போக மிச்ச இடத்தில் ஊராருடைய பொட்டலங்களைச் சுமந்துகொண்டுதான் வருவார்கள். சாக்லேட்டும் சென்ட்டும் சீஸும் கொண்டுவந்து பழகிய ஒரு குடும்பம் எங்களுக்காகக் கார்புரேட்டரைக் கொண்டுவந்தது. குழந்தையின் ஸ்வெட்டரில் சுற்றி வைத்திருந்தார்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இது என்ன என்று கேட்டார்களாம். "எங்களுக்கும் தெரியாது சார், ஊர்ல ஒரு டீச்சருக்குன்னு குடுத்தாங்க" என்று அந்தம்மா சொன்னதும் அதிகாரி சிரித்துவிட்டு விட்டுவிட்டாராம். எடை குறையட்டும் என்று அவர்கள் தங்கள் செருப்புகளை அங்கேயே விட்டுவிட்டு வந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். அந்த மனசுக்கு எத்தனை டப்பா அதிரசம் செய்து கொடுத்தாலும் தகும்.

மெக்கானிக் வந்து பழையவற்றைக் கழற்றினார். என் கணவர் அவற்றை மண்ணெண்ணெயில் கழுவி, பழைய வேட்டியில் துடைத்து, குழந்தையை ஏந்துவதுபோல எடுத்துக்கொண்டு உள்ளே போனார். புதியவற்றை மாட்டி, மெக்கானிக்கே அளவு வைத்து ஸ்டார்ட் செய்ததும், இன்ஜின் அத்தனை சமர்த்தாக ஓடியது. "இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையில்ல டீச்சர்" என்றார் அவர். என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டு வாசலில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

மெக்கானிக் போனதும் ரப்பர் டியூபை எடுத்தார். "இன்னும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும், சத்தம் ஒத்துப்போவல" என்றார். நன்றாக ஓடுகிற வண்டியை விட்டுவிடுங்களேன் என்று சொன்னேன், கேட்டால்தானே? இரண்டும் ஒன்றாகிவிட்டது என்று சொல்லும்வரை திருகினார். சனிக்கிழமை காலை மறுபடி அதே உதறல், அதே வெடிச் சத்தம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மகள் அலைந்து, யாரோ ஒரு குடும்பம் செருப்பை விட்டுவிட்டுச் சுமந்து, மெக்கானிக் நாள் முழுக்கப் பாடுபட்டு, எல்லாம் பாழா? நேராகப் போய் அவர் கையிலிருந்த டியூபைப் பிடுங்கினேன்.

"குடுங்க இங்க. நானே கேக்கறேன்."

முன்னால் இருந்ததில் வைத்துக் கேட்டேன். லேசாக உஸ்ஸென்றது. பின்னால் இருந்ததில் வைத்தேன். குக்கர் விசில் அடிப்பதுபோல இரைந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

"பின்னாடி இருக்கறது இந்தக் கத்து கத்துது. இது எப்பிடி ஒண்ணா இருக்குன்றீங்க?" என்று அவர் முகத்துக்கு நேராகக் கத்திக் கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது" என்று டியூபைத் திரும்ப வாங்கிக் குனிந்தார்.

அவர் எப்போதும் காரின் இடது பக்கம் நின்றுதான் குனிவார். முன்னால் இருக்கும் கார்புரேட்டர் அவருக்கு இடது கைப் பக்கம், பின்னால் இருப்பது வலது கைப் பக்கம். வசதிக்காக முன்னதை இடது காதிலும் பின்னதை வலது காதிலும் வைத்துக் கேட்பார். ஆரம்பத்திலிருந்தே அதுதான் பழக்கம், நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது கண்ணை உறுத்தியது. இரண்டு பொருளை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே தராசில் நிறுக்க வேண்டாமா? இதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

அவர் தோளைத் தட்டி நிமிர்த்தினேன். "ரெண்டையும் ஒரே காதுல வச்சிக் கேளுங்க" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினேன்.

முனகிக்கொண்டே இடது காதில் வைத்தார். முன்னால், பின்னால், மறுபடி முன்னால். புருவம் சுருங்கியது. பிறகு, நான் சொல்லாமலேயே, பின்னால் இருந்ததில் டியூபைப் பிடித்தபடி மறு முனையை வலது காதுக்கு மாற்றினார். இடது காதுக்குக் கொண்டுபோனார். மறுபடி வலது. கார்புரேட்டர் மாறவில்லை, ஸ்க்ரூ மாறவில்லை, காது மட்டும்தான் மாறிக்கொண்டிருந்தது.

காருக்குள் கை நீட்டி இன்ஜினை அணைத்தார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வலது காதுக்குக் கேட்கக் குறைவாக இருந்ததால், பின்பக்கத்தை அதிகமாகத் திறந்து திறந்து இடது காதுக்குச் சமமாக்கியிருக்கிறார் மனிதர். பழைய ஜோடியையும் அப்படித்தான், புது ஜோடியையும் அப்படித்தான். பாவம், அந்தப் பழைய கார்புரேட்டர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"எனக்கு காது போச்சா?" என்றார் மெதுவாக.

"போகல. கொறஞ்சிருக்குது. டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாம்" என்றேன்.

திங்கட்கிழமை மெக்கானிக் வந்தார். டியூபை நான் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல அவர் திருகினார். கார் மறுபடி சமர்த்தானது. அந்தக் காரிலேயே கதிர்காமத்து அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசோதிக்கும் பெண் தன் முன்னிருந்த பெட்டியில் எதையெதையோ திருப்பினாள். அவர் அழுத்தினார், அழுத்தினார், பிறகு சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் திருப்பிக்கொண்டே இருந்தாள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் காதில் என்னென்னவோ சத்தம் போய்க்கொண்டிருக்கிறது, அவருக்கு அது தெரியவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னாள். "கனமான சத்தம் சாருக்கு நல்லாவே கேக்குது மேடம். ஆம்பளைங்க பேசுனா பிரச்சன இல்ல. மெல்லிசான சத்தம்தான் போயிருக்கு. விசில், குருவிச் சத்தம், பொம்பளைங்க குரல், சின்னப் பசங்க குரல். வலது காதுல ரொம்பவே. காதுக்கு மெஷின் வச்சா நல்லாவே சரி பண்ணலாம்."

அவள் பேசி முடிக்கும்வரை அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வருமே, அதே தலையாட்டல். ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்டிருக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "என்னா சொல்றாங்க?" என்றார்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டர் பயந்துபோய், "பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல மேடம்" என்றாள். பயந்து அழவில்லை தாயே என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மெக்கானிக் பேசினால் கேட்கிறது, நானும் மகளும் பேசினால் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். இவருக்கு நான் அலுக்கவில்லை. ஒரு டாக்டர் தன் வாயால் எனக்குச் சொன்னதிலேயே இனிமையான சேதி அதுதான். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சிக்னலில் நின்றோம். கார் அணையாமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் வலது பக்கம் ஸ்டியரிங்கில், நான் அவருடைய இடது பக்கம், நல்ல காதுப் பக்கம். எப்போதும்போல வகுப்பறைக் குரலில் சொன்னேன்:

"மெஷின் வந்துச்சின்னா நீங்களேதான் கழட்டி மாட்டிப் பழகிக்கணும். நான் ஆறு மாசம் இருக்க மாட்டேன்."

சட்டென்று திரும்பினார். "எங்க போற?"

"பொண்ணு வூட்டுக்கு. சொன்னேனே, ரெண்டு வாட்டி சொன்னேன். சரின்னீங்களே."

"நான் எப்ப சரின்னேன்?"

பச்சை விழுந்தது, பின்னால் ஹார்ன் அடித்தார்கள். கொஞ்ச தூரம் போய், ஒரு கரும்பு ஜூஸ் வண்டிக்கு அருகே ஓரங்கட்டினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"வூட்ல நீ என்னா பேசறன்னே எனக்குப் புரியறதில்ல. வாய்க்குள்ளயே முணுமுணுக்கற, எம்மேல கோவம்னு நெனச்சிக்குவேன். திருப்பித் திருப்பி என்னான்னு கேட்டா எரிஞ்சி விழுவ. அதான் எல்லாத்துக்கும் சரின்னுட்டு இருந்தேன். இந்தக் கார்ல ஒக்காந்தா மட்டுந்தான் நீ பேசறது ஒழுங்கா கேக்கும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, "கார் நின்னுபோச்சின்னா அதுவும் போயிடும்ல. அதுக்குத்தான் அந்தக் கார்புரேட்டரக் கட்டிக்கினு அழுதேன்" என்றார்.

எரிச்சலோடு நான் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை காலைகளும் ஒன்றாக வந்து நெஞ்சில் விழுந்தன. காருக்காக அல்ல. பானெட்டைத் திறந்துகொண்டு பல்கூடத் தேய்க்காமல் அவர் நின்றதெல்லாம், வாரத்துக்கு ஒருமுறை என் பேச்சைக் கேட்பதற்காக. கடவுளே, எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

"இப்ப போறியா?" என்று கேட்டார்.

இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவருக்குப் புரிந்தது.